வராதவர்களையும் சேர்த்துத் தருகிறோம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு உன் வாலு எழுதுவது.

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ‘நல்லா இருக்கியா’ முடிந்த கையோடு கத்த ஆரம்பித்துவிடுகிறோம், இனிமேல் கடிதம்தான் என்று நீதான் சொன்னாய். நல்ல யோசனைதான். எழுதும்போது கத்த முடியாது. கத்தினாலும் அத்தானுக்குக் கேட்காது.

சங்கதி என்னவென்றால், உன் தங்கையின் ஸ்டுடியோ ஓடுகிறது! போன வருஷம் இதே நேரம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். எல்லார் கையிலும் போன், எல்லார் போனிலும் கேமரா, என்னிடம் யார் வருவார்கள்? பேப்பருக்குள் வைத்து நோட்டீஸ் கொடுத்தேன். அதை மடித்து ஆடுகிற மேஜைக்கு முட்டுக் கொடுத்தவர்கள்தான் அதிகம். புதுத் துணி தைத்தவர்களை அனுப்பிவைக்கிறேன் என்று எதிர்த் தையற்கடை அண்ணன் சொன்னார். சொன்னபடி அனுப்பினார். அளவு சரியில்லை என்று சண்டைக்கு வந்தவர்களையும் சேர்த்து அனுப்பினார்.

எல்லாம் மாறியது உன்னால். நீயும் அத்தானும் சுண்டெலியும் எடுத்த படத்தில் இறந்துபோன நம் அப்பாவைச் சேர்த்துக் கொடு என்று கேட்டாயே, அதைப் பார்த்து நீ அழுத அழுகையில்தான் எனக்கு உறைத்தது. இது நம் வீட்டுக்கு மட்டும் வேண்டியது இல்லை. கடைக் கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒட்டினேன்: ‘வராதவர்களையும் சேர்த்துத் தருகிறோம்.’ நம் குடும்பப் படத்தை மாதிரிக்கு உள்சுவரில் மாட்டினேன். அவ்வளவுதான், கூட்டம். கல்யாணத்துக்கு லீவு கிடைக்காத அண்ணன், பிரசவத்துக்குப் போன மாமி, ஒரு ஃபுட்பால் டீமில் வயிற்றுவலியால் வராத கோல்கீப்பர். எல்லாரையும் சேர்த்தாயிற்று. கோல்கீப்பர் மட்டும் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக வந்துவிட்டான். அவனுக்கு அதில் ஏக சந்தோஷம்.

இப்போது ஷோகேஸில் இருப்பது என் கைவேலையிலேயே நம்பர் ஒன். ஒரு நீலச்சட்டைக்காரர் வந்தார். மனைவியும் பெண்ணும் வேலை விஷயமாக வேறு ஊரில் இருக்கிறார்களாம். மூன்று பேரும் சேர்ந்து ஒரு படம்கூட இல்லையாம். சொல்லும்போதே குரல் உடைந்தது, அக்கா. அவர் கொண்டுவந்த படத்தில் அம்மாவும் பெண்ணும் ஏதோ பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார்கள். தூரத்திலிருந்து எடுத்தது. அந்த அம்மா வேறெங்கோ பார்க்கிறாள். கருவிழியைக் கொஞ்சம் நகர்த்தி இவர் பக்கம் திருப்பினேன். உதட்டு ஓரத்தைத் துளி தூக்கிவிட்டேன். குழந்தையின் கை பைக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தது. கை இல்லாமல் எப்படி? வேறொரு கையைப் பொருத்தி அவர் கைக்குள் வைத்தேன். அது யார் கை என்று நேரில் வரும்போது சொல்கிறேன், விழுந்து விழுந்து சிரிப்பாய்.

படத்தைப் பார்த்துவிட்டு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஷோகேஸில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “வைங்க. எல்லாரும் பாக்கட்டும்” என்றார். தினமும் சாயங்காலம் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறார். தெருவில் போகிறவர்கள் ‘உங்க குடும்பமா, பொண்ணு உங்க ஜாடைதான்’ என்கிறார்கள். அவர் தலையாட்டுகிறார். இதைவிட நல்ல விளம்பரம் யாருக்குக் கிடைக்கும்?

சுண்டெலிக்கு என் முத்தம். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

வாலு


ஜூன் 10

அடியே வாலு,

படித்தேன். அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன், கோல்கீப்பர் வந்த இடத்தில் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

கொஞ்சம் வியாபாரம் பேசலாம். ஷோகேஸில் ஒரே படத்தை மாதக்கணக்கில் வைக்காதே. வாரம் ஒன்று மாற்று. தன் படம் எப்போது வரும் என்று ஆட்கள் எட்டிப் பார்க்க வேண்டும். நான் வரைந்து கொடுத்த குருவியை ஒவ்வொரு படத்தின் மூலையிலும் போடுகிறாயா? சோம்பேறித்தனத்தில் சிலவற்றில் விட்டுவிடுவாய், எனக்குத் தெரியும். விடாதே. படம் எங்கே போனாலும் குருவி உன் கடைப் பெயரைச் சொல்லும். உன்னால் நிற்க முடியாத தெருவில் எல்லாம் அது நிற்கும்.

ஒன்று கேட்கிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அந்த நீலச்சட்டைக்காரரின் மனைவி படத்தைப் பார்த்தாளா? என்ன சொன்னாள்? ஒரு பொம்பளையின் கண்ணை அவளைக் கேட்காமல் திருப்பியிருக்கிறாய். அவள் சிரித்துவிட்டால் சரிதான்.

இங்கே புது ஊர் மெல்லப் பழகுகிறது. பள்ளிக்கூட ஆபீஸில் எனக்கு ஜன்னலோர நாற்காலி. அட்மிஷனா, டீசியா, லீவ் லெட்டரா, எல்லாம் அந்த ஜன்னல் வழியாகத்தான். சுண்டெலிக்கு ஒரு தோழி கிடைத்திருக்கிறாள். எங்களைப் போல இந்த வருஷம்தான் இந்த ஊருக்கு வந்தவர்கள். எப்போதும் ரெட்டைப் பின்னல். அம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், அப்பா இல்லை, இறந்துவிட்டார். நல்ல குழந்தை, ஆனால் யாராவது சத்தமாகக் கூப்பிட்டால் மேஜைக்கு அடியில் போய்விடுகிறது. உன்னைப் போல ஒரு வாயாடி சித்தி இருந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா


ஜூன் 19

அக்கா,

உன் கேள்வி மனசில் ஒரு முள்ளாகக் கிடந்தது, அதனால் அவரிடமே கேட்டேன். “அவளுக்கு இன்னும் காட்டல. நேர்ல எடுத்துட்டுப் போறேன்” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். அப்புறம் என்னிடம், “அவ என்னைத்தானே பாக்குறா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிறிது நேரம் கழித்து அதையே திரும்பக் கேட்டார். போகும்போது வாசலில் நின்று இன்னொரு தரம்.

கையில் கொண்டுபோக போஸ்ட்கார்டு சைஸில் ஒரு பிரிண்ட் வாங்கிக்கொண்டார். “குருவி நல்லா தெரியணும், கடையில எடுத்த படம்னு தெரியணும்” என்றார். பார்த்தாயா, உன் குருவிக்கு எவ்வளவு மவுசு என்று உடனே உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது. இப்போது எழுதும்போது ஏனோ அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

ஷோகேஸ் படத்தை மாற்றலாம் என்று நேற்று எடுத்தேன். சாயங்காலம் வந்தவர் கண்ணாடிக்கு வெளியே அசையாமல் நின்றார். உள்ளே வரவில்லை, கேட்கவில்லை. நான் விளக்கை அணைத்துப் பூட்டும்வரை அப்படியே நின்றார். இன்று காலை கடை திறக்கும்போது படியில் உட்கார்ந்திருந்தார். படத்தைத் திரும்ப வைத்துவிட்டேன். எனக்கு என்ன போயிற்று, நல்ல படம்தானே.

தையற்கடை அண்ணன், “பாவம்மா, பொண்டாட்டி புள்ள ஏக்கம்” என்கிறார். இருக்கும். நான்தான் தனியாகக் கடையில் இருந்து இருந்து கண்டதையும் யோசிக்கிறேன்.

வாலு


ஜூன் 27

நேற்று போனில் நான் கத்தினேன், நீ வைத்துவிட்டாய். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. அதனால் கூரியரில் எழுதுகிறேன். நான் கத்தியதில் பாதி உனக்குப் புரிந்திருக்காது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். உட்கார்ந்து படி.

வியாழக்கிழமை மதியம் ஒருவன் என் ஜன்னலுக்கு வந்தான். நன்றாகச் சீவிய தலை, சலவைச் சட்டை, மெதுவான பேச்சு. மூன்றாம் வகுப்பில் படிக்கிற பெண்ணின் அப்பா நான், அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, குழந்தையைக் கூட்டிப் போக வேண்டும் என்றான். அவன் சொன்னது ரெட்டைப் பின்னலின் பெயர். அப்பா இல்லை என்றுதானே எழுதியிருக்கிறது என்றேன். அவன் கோபப்படவில்லை. “கொஞ்ச நாள் பிரிஞ்சிருந்தோம், இப்ப சேர்ந்துட்டோம்” என்று ஒரு படத்தை ஜன்னல் வழியாக நீட்டினான்.

மூன்று பேரும் ஒட்டி நிற்கிறார்கள். அம்மா அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். குழந்தையின் கை அவன் கைக்குள் இருக்கிறது. மூலையில் நம் குருவி.

குருவியைப் பார்த்ததும் எனக்கு எல்லாச் சந்தேகமும் போய்விட்டது, வாலு. பிரிந்ததை மறைக்கத்தான் இறந்துவிட்டார் என்று அவள் சொல்லியிருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன். நம் கடையில் போய் எடுத்திருக்கிறார்கள், நம் ஆள் என்று ஒரு நினைப்பு. உன் கடிதத்து நீலச்சட்டைக்காரர் ஞாபகத்துக்கே வரவில்லை, ஏனென்றால் இவன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். இவ்வளவுதான் என் மூளை. ஆளை அனுப்பிக் குழந்தையை வரவழைத்தேன். நானே வரவழைத்தேன்.

ரெட்டைப் பின்னல் ஆபீஸ் வாசலில் வந்து அவனைப் பார்த்தது. அழவில்லை. மேஜைக்கு அடியில் போய்விட்டது. அவன் கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து குனிந்து, “இங்க பாரு, நாம எல்லாம் எவ்ளோ சந்தோஷமா இருக்கோம்” என்று படத்தைக் கீழே காட்டினான். மேஜைக்கு அடியிலிருந்து அந்தக் குரல் வந்தது. “இது என் கை இல்ல.”

படத்தை அவனிடமிருந்து வாங்கிப் பார்த்தேன். கட்டை விரலுக்குக் கீழே பிறை மாதிரி ஒரு தழும்பு. இஸ்திரிப்பெட்டி சுட்டது. சுட்ட அன்றைக்கு இரவு முழுக்க அந்தக் கையை மடியில் வைத்து ஊதிக்கொண்டிருந்தவள் நான். என் பெண்ணின் கையை நீ அவன் கையில் பிடித்துக் கொடுத்திருக்கிறாய்.

ஹெச்.எம். வரட்டும், குழந்தையின் அம்மாவுக்கும் போன் போடுகிறேன் என்றேன். அவன் படத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். ஓடவில்லை, நடந்து போனான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அந்த அம்மா வந்து சொன்னாள். முன்பு உங்கள் ஊரில் அவளும் அவனும் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்களாம். கல்யாணம் செய்துகொள் என்றானாம், மாட்டேன் என்றாளாம். அவன் காதில் அது ஏறவே இல்லை. வீட்டு வாசலில் நிற்பது, குழந்தைக்குத் துணி வாங்கி வைப்பது, ‘என் வீட்டுக்காரி’ என்று ஊரெல்லாம் சொல்வது. தாங்க முடியாமல் ஊரைவிட்டே வந்தவள். அவளிடம் படத்தைப் பற்றிச் சொன்னேன். தன் கண் அவன் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேட்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போலீசில் சொன்னோம். “படம் எங்கம்மா?” என்றார்கள். படம் அவனிடம் இருக்கிறது. மற்றது எல்லாம் உன்னிடம் இருக்கிறது. ஷோகேஸிலிருந்து அதை எடு. சுவரில் இருக்கும் நம் படத்தை முதலில் எடு, அதில் என் முகம் இருக்கிறது. அவனுக்கு இனி ஒரு புள்ளிகூட வைத்துக் கொடுக்காதே.

கடிதத்தின் ஆரம்பத்தில் உன்னைக் கூப்பிடாமலே தொடங்கிவிட்டேன் என்று இப்போதுதான் பார்க்கிறேன். இருக்கட்டும்.


ஜூலை 1

அக்கா,

அவசரத்தில் கிறுக்குகிறேன், எழுத்தைப் பார்த்துக் கோபித்துக்கொள்ளாதே. தையற்கடைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கியிருக்கிறார்.

உன் கூரியர் நேற்று மதியம் வந்தது. ‘இது என் கை இல்ல’ வரைக்கும் நின்றுகொண்டு படித்தேன், மீதியைத் தரையில் உட்கார்ந்து படித்தேன். சிரிப்பாய் என்று எழுதினேனே, அக்கா. நம் குடும்பப் படத்திலிருந்துதான் எடுத்தேன். எல்லாரும் எப்போதும் அழிக்கச் சொல்வது தழும்பைத்தான். இது சுண்டெலியுடையது என்பதால் அழிக்க மனசு வரவில்லை. ஆசையாக விட்டேன்.

ஸ்டூலைப் போட்டு ஏறிச் சுவர்ப் படத்தைக் கழற்றினேன். படம் கையில் இருக்கும்போது பின்னால் குரல் கேட்டது. “ஏன் கழட்டுறீங்க? நல்லா இருக்கே.”

அவன்தான். தூசி என்றேன். இறங்குவதற்கு உதவுகிறவன் மாதிரி படத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். வெகு நேரம் பார்த்தான். உன் முகத்தைப் பார்த்தான். விரலை எடுத்து உன் முகத்திலிருந்து சுண்டெலியின் கைக்குக் கொண்டுபோனான். “இவங்க யாரு?” கஸ்டமர் என்றேன். “ஓ” என்றான். அவ்வளவுதான். படத்தைச் சுவரில் அவனே திரும்ப மாட்டிவிட்டு, கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துச் சரிசெய்தான்.

பிறகு உட்கார்ந்தான். “கை சரியா வரல, மேடம். குழந்தைக்கே தெரிஞ்சிருச்சு. இந்த வாட்டி அவ கையையே போடுங்க” என்று புதிதாக ஒரு படத்தைக் கொடுத்தான். கம்பிவேலிக்கு வெளியே இருந்து எடுத்திருக்கிறான். யூனிஃபார்மில் ரெட்டைப் பின்னல் குழாயில் கை கழுவிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இன்னொரு பெண், குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டு. சுண்டெலி. “பக்கத்துல நிக்கிற பொண்ண எடுத்துடுங்க” என்றான்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் சொன்னால் எழுந்து போய்விடுவான். இன்னொரு கடைக்குப் போவான். இந்தத் தெருவிலேயே என்னைப் பார்த்து அதே வரியைக் கண்ணாடியில் ஒட்டியவர்கள் இருக்கிறார்கள். அவன் போய்விட்டால் நம்மிடம் என்ன இருக்கும்? உன் ஸ்கூல் வாட்ச்மேனுக்கு அவன் முகம்கூடத் தெரியாது. என்னிடம் இருப்பது பழைய படம், அவன் பாதி குனிந்து நிற்பது.

எனக்குத் தெரிந்தது ஒரே தொழில்தான். அதைச் செய்தேன். “வெளிச்சம் ஒத்துப்போகல சார். உங்க முகத்துல நிழல் ஒரு பக்கம், அவங்களுக்கு இன்னொரு பக்கம். உங்களைப் புதுசா எடுத்தாத்தான் நெஜம் மாதிரி வரும்” என்றேன். உண்மையும் அதுதான். உடனே எழுந்து சீப்பை எடுத்தான். உள்ளறையில் அவனும் நானும் மட்டும். லைட்டைத் தூக்கி வைக்கும்போது ஸ்டாண்டு தடதடவென்று ஆடியது, பழைய ஸ்டாண்டு என்றேன். நேராக ஒன்று, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, முழு உயரத்துக்கு ஒன்று. முதல் படம் ஆடி மங்கிவிட்டது. இரண்டாம் தரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். “சிரிக்கணுமா?” என்று கேட்டான். வேண்டாம், சும்மா இருங்கள் என்றேன். “அவ பாத்தா சிரிச்ச மாதிரி இருக்கணும்” என்று சிரித்தான்.

எப்போது கிடைக்கும் என்றான். பெரிய வேலை, நாளாகும் என்றேன். வாசலில் திரும்பி, “அந்தக் கஸ்டமர் எந்த ஊரு?” என்றான். தெரியாது என்றேன். “எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

இதோடு அவன் முகம் எல்லாப் பக்கமும் இருக்கிறது, பெரிதாகப் போட்டிருக்கிறேன். வாட்ச்மேனிடம் கொடு, ஹெச்.எம்.மிடம் கொடு, மருந்துக்கடையில் கொடு. பஸ் நிறுத்தத்தில் எடுத்த மூலப் படமும் இருக்கிறது. அதில் அந்த அம்மா அவனைப் பார்க்கவே இல்லை. நான் செய்த படமும் இருக்கிறது. போலீஸ் கேட்டால் மூக்கு நிழலைப் பார்க்கச் சொல். அவனுக்கு வலக் கன்னத்தில் விழுகிறது, அவர்கள் இரண்டு பேருக்கும் இடக் கன்னத்தில். ஒரே வெயிலில் நின்றவர்களுக்கு அப்படி விழாது. அவசரத்தில் நான் சரிசெய்யாமல் விட்டது. என் வேலையில் இருந்த ஒரே உண்மை அதுதான்.

சுண்டெலியைத் தனியாக எங்கேயும் விடாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

வாலு


ஜூலை 4

வாலு,

கவரைப் பிரித்ததும் அவன் முகம் மேஜையில் சிரித்துக்கொண்டு விழுந்தது. என்னால் தொட முடியவில்லை. அத்தான்தான் எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்கு ஓடினார்.

வாட்ச்மேன் தன் கூண்டுக்குள் ஒட்டிக்கொண்டார். பக்கவாட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, “இந்தாளைத் தெரியும்மா. சில நாள் மத்தியானம் எதிர்ல பெஞ்சுல உக்காந்திருப்பாரு. யாரோட அப்பாவோன்னு இருந்தேன்” என்றார். யாரோட அப்பாவோ! இத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறான். நான் தினமும் அந்த பெஞ்சைத் தாண்டித்தான் வருகிறேன்.

ஸ்டேஷனில் இந்தத் தடவை நாற்காலி கொடுத்தார்கள். நிழல் விஷயத்தைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் அம்மா விளக்கடியில் படத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். ஆனால் நீ நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். படத்தைச் செய்தது நான்தான், அந்தப் பெண்ணையும் குழந்தையையும் ஒருதரம்கூடப் பார்த்ததில்லை, அவர்களைக் கேட்கவில்லை என்று உன் கையால். உன் கடைப் பெயர் வெளியே வரும். வராதவர்களைச் சேர்த்துத் தருகிற கடை என்ன செய்தது என்று ஊர் பேசும். அதை யோசித்து நீ தயங்குவாயோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னைத் திட்டிக்கொள். கடை போனால் போகிறது, வாலு, வா.

சுண்டெலியிடம் எவ்வளவு சொல்வது என்று தெரியவில்லை. படத்தில் உன் கை மாதிரி ஒரு கை இருந்தது என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாளாகக் கையைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறாள். சாப்பிடும்போதுகூட இடது கையால் எடுக்கிறாள். நான் அவளை அணைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். ஜன்னலில் காற்று அடித்தாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. மறைக்க மாட்டேன். ஆனால் கருவிழியை நகர்த்தியது நீ என்றால், குருவியை நம்பிக் குழந்தையை வரவழைத்தது நான். இதில் யார் கணக்குப் பெரிது என்று பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். அவனோடு தனியாக அந்த உள்ளறையில் நின்றிருக்கிறாய் என்பதை நினைத்தால் உன்னை அடிக்கவும் தோன்றுகிறது, கட்டிக்கொள்ளவும் தோன்றுகிறது.

முதல் பஸ்ஸில் வா. இருட்டில் கிளம்பாதே.

அக்கா


ஜூலை 15

அக்கா,

உன்னைப் பார்த்துவிட்டு வந்த பிறகு நடந்தது இது. போனில் ‘பிடிச்சிட்டாங்க’ என்று மட்டும் சொன்னேன், அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அவன் நம் ஊரில்தான் இருந்தான், ஆனால் போலீஸ் தேடிப் போனபோது வாடகை அறையில் இல்லை. சாயங்காலம் கூட்டத்தோடு கூட்டமாக வந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். அவன் உஷாராகிவிடக் கூடாது என்று ஷோகேஸ் படத்தை எடுக்காமலே விட்டிருந்தேன். கடைக்குள் வந்து, அந்தப் படத்தைச் செய்யச் சொன்னது தான்தான் என்று அவன் வாயால் வர வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று இங்கிருந்த போலீஸ்காரர் சொன்னார். எப்படி வரவழைப்பது என்று எல்லாரும் யோசித்தார்கள். எனக்குத் தெரியும். படத்தை எடுத்தால் படியில் வந்து உட்காருகிறவன், படத்தில் கை வைத்தால் உள்ளேயே வருவான்.

நான் சேர்த்ததை நானே பிரித்தேன். அம்மாவை எடுத்தேன், குழந்தையை எடுத்தேன், கடைசியில் கையை எடுத்தேன். சேர்க்கும்போது எத்தனை நாள் ஆயிற்று! பிரிக்க ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. அவன் மட்டும் நிற்கிறான், தலையைச் சாய்த்து, கையை யாருக்கோ நீட்டிக்கொண்டு. பக்கத்தில் வெறும் சுவர். அதே அளவு, அதே சட்டம், அதே இடத்தில் வைத்தேன். தையற்கடைக்குள் போலீஸ்காரர்கள் துணி அளவு கொடுக்க வந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் பதற்றத்தில் ஒருவருக்கு நிஜமாகவே அளவெடுத்துவிட்டார்.

வந்தான். கண்ணாடிக்கு வெளியே நின்றான். அவனைத் தெரிந்த ஒரு பெரியவர் அந்தப் பக்கம் போனவர், படத்தைப் பார்த்துவிட்டு, “என்னப்பா, தனியா நிக்கிறே?” என்றார். அவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். கத்துவான் என்று கவுன்ட்டருக்குப் பின்னால் கேமரா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கத்தவில்லை. ரொம்ப மெதுவாக, “அவங்க எங்க?” என்றான்.

“அவங்க இங்க இல்ல சார். எப்பவும் இருந்ததில்ல” என்றேன்.

“உங்ககிட்டதானே குடுத்தேன்.” அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது, அக்கா. “சேத்துக் குடுங்க. முன்ன மாதிரியே சேத்துக் குடுங்க.” நான் பின்னால் போகப் போக அவன் கவுன்ட்டர்மேல் சாய்ந்துகொண்டே வந்தான். போலீஸ்காரர்கள் தோளைப் பிடித்தபோது அவர்களிடம் புகார் சொல்கிற மாதிரி சொன்னான்: “என் குடும்பத்த இவங்ககிட்ட நம்பிக் குடுத்தேன் சார். தொலைச்சிட்டாங்க.” அவர்களில் சின்னவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், அது உண்மையோ என்கிற மாதிரி. நான் எவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறேன் பார்.

கண்ணாடியிலிருந்த வரியைச் சுரண்டி எடுத்துவிட்டேன். இப்போது யாரையாவது சேர்க்க வேண்டும் என்றால், அவர்கள் என்னிடம் நேரில் பேச வேண்டும், அல்லது போனில் முகம் காட்டிச் சரி என்று சொல்ல வேண்டும். இறந்தவர் என்றால் வீட்டார் இரண்டு பேர் வர வேண்டும். முக்கால்வாசிப் பேர் ‘இதுக்கு எதுக்கும்மா இவ்ளோ’ என்று வேறு ஸ்டுடியோவுக்குப் போகிறார்கள். பாஸ்போர்ட் சைஸ்காரர்கள் திரும்ப வருகிறார்கள், பஸ் போய்விடும் என்று அவசரப்படுத்துகிறார்கள். அவர்கள் சொந்த முகத்தோடு வந்து சொந்த முகத்தோடு போகிறார்கள். எனக்கு அது ஆறுதலாக இருக்கிறது.

சுவரிலிருந்த நம் படத்தைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். அப்பாவும் உள்ளே இருக்கிறார். பாவம், அவருக்கு இருட்டு பிடிக்காது.

சுண்டெலி இன்னும் கையைப் பைக்குள் வைத்திருக்கிறாளா? என்னிடம் பேசுவாளா?

வாலு


ஜூலை 29

வாலு,

உனக்குத் தெரிய வேண்டும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனை வெளியே விட்டுவிட்டார்கள். இந்த ஊர்ப் பக்கம் வரக்கூடாது, அவர்கள் இருவரையும் நெருங்கக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டிருக்கிறார்கள். உங்கள் ஊரில் அறையைக் காலிசெய்துவிட்டான். எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. கதவை ஒழுங்காகப் பூட்டு. ஷோகேஸில் உன் முகம் தெரிகிற மாதிரி எதுவும் வைக்காதே. தையற்கடை அண்ணன் கடை மூடும்போதே நீயும் மூடு.

அந்த அம்மா மறுபடி ஊரை மாற்றலாமா என்று யோசித்தாள். எங்கே போவாள்? நாங்கள் பேசிப் பேசி நிறுத்தி வைத்திருக்கிறோம். காலையில் அத்தான் இரண்டு குழந்தைகளையும் கொண்டு விடுகிறார், மாலையில் நான் கூட்டி வருகிறேன். எதிர்ப் பக்கத்து பெஞ்சை வாட்ச்மேன் ஆள் வைத்துப் பெயர்த்து உள்ளே போட்டுவிட்டார். அது இருந்த இடத்தில் இரண்டு குழிகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் என்னால் கேட்டைத் தாண்ட முடியவில்லை.

சுண்டெலியைப் பற்றிக் கேட்டாய். “சித்தி என் கையத் திருப்பி எடுத்துட்டாளா?” என்று கேட்டாள். எடுத்துவிட்டாள், நீ எழுதியதை வாசித்துக் காட்டுகிறேன் என்று அந்தப் பகுதியை மட்டும் வாசித்தேன். பைக்குள்ளிருந்து கையை எடுத்துத் தழும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இன்று மாலை மணி அடித்ததும் இரண்டும் வெளியே வந்தன. ரெட்டைப் பின்னல் கேட்டுக்கு உள்ளேயே நின்றுவிட்டது, தினமும் அங்கே நின்றுவிடும், நான் போய்த் தூக்காத குறையாகக் கூட்டிவர வேண்டும். இன்று நான் போவதற்குள் சுண்டெலி திரும்பிப் போனாள். கையை நீட்டினாள். “இந்தா, பிடிச்சிக்கோ. இது என்னோடதுதான்” என்றாள். அந்தக் குழந்தை பிடித்துக்கொண்டது. தழும்பு இருக்கிற அதே கை, வாலு, நீ படத்தில் வைத்தது. இரண்டும் கேட்டைத் தாண்டி வந்தன.

உன் கேமரா இருந்திருந்தால் எடுத்திருப்பாய். நல்லவேளை, நீ இல்லை.

நான் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். பிறகு இன்னொரு தரம் பார்த்தேன். யாரும் இல்லை. ரெட்டைப் பின்னலின் இன்னொரு கையை நான் பிடித்துக்கொண்டேன், வீடு வரும்வரை விடவில்லை.

அக்கா